சிங்கப்பூரில் அமைதியான அந்தித் தெரு: எங்கே, எத்தனை மணிக்கு, எப்படிப் படமெடுப்பது?

கேள்வி இது: திங்கள் முதல் வியாழன் வரை வேலை விஷயமாகச் சிங்கப்பூர் வருகிறீர்கள், மாலை மட்டும்தான் ஓய்வு. மரினா பே படமெல்லாம் எல்லோரும் எடுத்தாயிற்று. அந்தி நேரத்தில் அமைதியாக இருக்கும் ஒரு தெருவை உருப்படியாக ஒரே ஒரு படம் எடுத்தால் போதும். கையில் ஒரு சிறிய கேமரா, 28 மி.மீ. லென்ஸ், குட்டி முக்காலி. எந்தத் தெரு, எத்தனை மணி, கேமராவில் என்ன அமைப்பு?

மணியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊரிலிருந்து வருகிறவர்கள் கோட்டை விடுவது அங்கேதான். டிசம்பரில் சென்னையில் 5:45-ஐ ஒட்டியே பொழுது சாய்ந்துவிடும். அதே டிசம்பரில் சிங்கப்பூரில் 7 மணி ஆகும். 103.8 டிகிரி கிழக்கில் இருக்கும் ஊர் இது. சூரியக் கணக்குப்படி கிரீனிச்சைவிட 7 மணி நேரம்தான் முன்னால் இருக்க வேண்டும். ஆனால் 1982 ஜனவரி 1 முதல் கடிகாரத்தை 8 மணி நேரம் முன்னால் வைத்திருக்கிறார்கள். அதனால் உச்சிப்பொழுது 12 மணிக்கு வராமல் 1 மணியை ஒட்டித்தான் வரும். மாலையும் அதே அளவு தள்ளிப் போகும். ஆண்டிலேயே சீக்கிரமாக மறைவது நவம்பர் தொடக்கத்தில், மாலை 6:46 வாக்கில். தாமதமாக மறைவது பிப்ரவரி நடுவில், இரவு 7:20 வாக்கில். மற்ற நாளெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவே. இந்தியக் கைக்கடிகாரப் பழக்கத்தில் 6 மணிக்கே தெருவில் போய் நின்றால் சப்பென்ற பகல் வெளிச்சம்தான் இருக்கும். சலித்துப்போய் 7 மணிக்குச் சாப்பிடப் போவீர்கள். நல்ல வெளிச்சம் நீங்கள் தோசைக்குக் காத்திருக்கும்போது வந்து போய்விடும்.

வந்துபோவதும் சீக்கிரம். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் சூரியன் சாய்வாக நழுவாமல் ஏறத்தாழ செங்குத்தாக இறங்குவதால், மறைந்த பிறகு மிஞ்சும் அந்திவெளிச்சம் 21, 22 நிமிடம்தான். சென்னைக்காரர்களுக்கு இந்த நீளம் பழகியதுதான், பெரிய வித்தியாசம் தெரியாது. ஐரோப்பாவில் படமெடுத்துப் பழகியவர்கள்தான் திணறுவார்கள். லண்டனில் ஜூன் மாத அந்தி இதைப் போல இரண்டு மடங்கு நீளம்.

அந்த 22 நிமிடத்திலும் படம் இருப்பது நடுவில் ஓர் ஏழெட்டு நிமிடம். வானத்தின் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்து, தெருவிளக்கின் வெளிச்சத்துக்குச் சமமாகும் ஒரு கட்டம் உண்டு. அதற்கு முன்னால் எடுத்தால் விளக்குகள் எரிந்தும் எரியாதது மாதிரி இருக்கும். பின்னால் எடுத்தால் வானம் கறுத்து, விளக்குகள் மட்டும் வெள்ளைப் பொத்தல்களாகத் தெரியும். சமமாகும் அந்த நேரத்தில் கடுமையான நிழலே கிடையாது. சுவரும், சாலையும், சன்னலுக்கு உள்ளே எரியும் விளக்கும் ஒரே அடக்கத்தில் வந்து உட்காரும். படத்தில் நாம் அமைதி என்று உணர்வதில் பாதி இந்தச் சமன்தான். ஆள் நடமாட்டம் குறைவாக இருப்பது மீதிப் பாதி.

ஆகவே ஒரு மாலைக்கு ஒரு தெரு. இரண்டு தெருவுக்கு ஆசைப்பட்டால் இரண்டும் போய்விடும்.

உங்களுக்கு நான் சொல்லும் முதல் தெரு பெட்டேன் ரோடு. ஜாலான் புசார் பகுதியில் இருக்கிறது. ஃபேரர் பார்க், பெண்டமியர் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையங்கள் எதிலிருந்தும் நடந்து போகலாம். லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தடியிலிருந்து அதிக தூரமில்லை. அங்கே 1930-இல் கட்டிய 18 இரண்டடுக்கு வீடுகள் ஒரே வரிசையாக நிற்கின்றன. முகப்பிலும் தூண்களிலும் பூ வேலைப்பாடுள்ள பீங்கான் ஓடுகள் பதித்திருக்கும். முதல் உலகப்போரின் பிரெஞ்சுத் தளபதி ஒருவரின் பெயர்தான் அந்தத் தெருவுக்கு. சுற்றிப் பார்த்தால் கிச்சனர், ஜெலிக்கோ, ஃபோஷ், வெர்டன் என்று போர்க்களமே பெயர்ப்பலகைகளில் இருக்கும். இத்தனை போர்ப் பெயர்களுக்கு நடுவே இப்படி ஒரு சாதுவான தெரு.

மெருகிட்ட ஓடு அந்தி வெளிச்சத்தில் செய்யும் வேலையைக் கவனிக்க வேண்டும். சுண்ணாம்புச் சுவர் வெளிச்சத்தை உறிஞ்சி மங்கலாகத் திருப்பித் தரும். ஓடு அப்படியில்லை, வானத்தை அப்படியே காட்டும். சூரியன் மறைந்து பத்து நிமிடம் ஆனதும் தூணின் வெளிப்பக்க ஓடுகளில் நீலம் ஏறத் தொடங்கும். அதே தூணின் உட்பக்கத்தில் கூரை விளக்கின் மஞ்சள் படும். ஒரே தூணில் இரண்டு நிறம், நடுவில் ஒரு கோடு போட்டதுபோல. கேமராவைத் தூணுக்கு இரண்டு மீட்டர் தள்ளி, கண் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே வைத்து, மற்ற தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுருங்கிப் போகிற மாதிரி வைத்துப் பாருங்கள். தெரு முழுவதையும் அடக்கப் பார்க்காதீர்கள். 28 மி.மீ. லென்ஸில் தெரு முழுவதும் வந்தால், கூடவே ஓரத்தில் நிறுத்தியிருக்கும் ஏழு கார்களும் வரும்.

தூண்களுக்கும் வீட்டு வாசலுக்கும் நடுவே உள்ள கூரையிட்ட நடைபாதைக்கு ஐந்தடிப் பாதை என்று பெயர். மலாயில் காக்கி லிமா. 1822-இல் ராஃபிள்ஸ் நகரத் திட்டம் வகுத்தபோது, தெருவின் இரு பக்கமும் எல்லாக் கட்டடங்களும் ஒன்றோடொன்று தொடரும் கூரையிட்ட நடைபாதை விட வேண்டும் என்று விதித்ததில் ஆரம்பித்தது. பெயரில்தான் ஐந்தடி, அகலம் தெருவுக்குத் தெரு மாறும். படமெடுப்பவர்களுக்கு இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, பாதையின் உட்புறம் சாலையைவிட மூன்று ஸ்டாப் அளவுக்கு, அதாவது எட்டில் ஒரு பங்கு வெளிச்சம்தான் என்கிற அளவுக்கு, இருட்டாக இருக்கும். பகலில் எடுத்தால் ஒன்று உள்ளே கறுப்பு, இல்லையென்றால் வெளியே வெளுப்பு. வானமும் விளக்கும் சமமாகும் அந்தச் சில நிமிடத்தில்தான் உள்ளும் புறமும் ஒரே படத்தில் அடங்கும். இன்னொன்று, தரை ஒரே மட்டமாக இருக்காது. பக்கத்துக் கடைவீட்டின் வாசல் அரையடி உயரமாக இருக்கும், அடுத்தது தாழ்ந்திருக்கும், நடுவே ஒற்றைப் படி வரும். திரையைப் பார்த்துக்கொண்டே பின்னோக்கி நடந்தால் விழுவது நிச்சயம். ஈரமான மெருகு ஓட்டில் வழுக்கவும் செய்யும்.

ஏன் லிட்டில் இந்தியாவின் நடுவே சொல்லவில்லை என்று கேட்கலாம். கேம்பல் லேனும் பஃபலோ ரோடும் அழகுதான், ஆனால் அங்கே கிடைப்பது கலகலப்பு. கெர்பாவ் ரோட்டில் 1900-இல் கட்டிய டான் தெங் நியா வீடு எல்லாப் பயணக் கையேட்டிலும் இருக்கும். சன்னல் கதவு ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம்; அந்த நிறங்கள் அந்தியைத் தின்றுவிடும் என்பது என் கணிப்பு. பகலில் போய்ப் பாருங்கள். நல்லவேளையாக உங்கள் பயணத்தில் ஞாயிறு இல்லை. ஞாயிறு மாலையில் வெளிநாட்டு ஊழியர்கள் வாரத்துக்கு ஒருமுறை நண்பர்களைப் பார்க்கிற இடம் அது. அந்தக் கூட்டத்துக்கு வேறு அழகு உண்டு, நீங்கள் கேட்டது அதுவல்ல. தீபாவளிக்கு முந்தைய வாரங்களிலும் பொங்கலை ஒட்டியும் சிராங்கூன் சாலை முழுக்க அலங்கார விளக்கு போட்டிருப்பார்கள், அப்போதும் இதே கதைதான்.

தேக்கா பக்கம் அமைதிக்கு ஒரே ஒரு விதிவிலக்கு சொல்வேன்: டன்லப் ஸ்திரீட்டில் உள்ள அப்துல் கஃபூர் பள்ளிவாசலின் வெளிப்புறம். 1907-இல் கட்டத் தொடங்கியது. நுழைவாயிலுக்கு மேலே 25 கதிர்கள் கொண்ட ஒரு சூரிய வடிவம், கதிருக்கு ஒன்றாக 25 நபிமார்களின் பெயர்கள். மக்ரிப் தொழுகை நேரமும் சூரியன் மறைகிற நேரமும் ஏறத்தாழ ஒன்றுதான். தொழுகைக்கு வருகிறவர்கள் உள்ளே போன பிறகு தெரு சில நிமிடம் தளர்ந்து கிடக்கும். நீலம் ஏறுவதும் அந்த நேரத்தில்தான். தொழுகிறவர்களை நோக்கிக் கேமராவைத் திருப்ப வேண்டாம், எதிர்ப்பக்க நடைபாதையிலிருந்து கட்டடத்தையும் தெருவையும் எடுங்கள்.

இரண்டாவது மாலைக்கு தியோங் பாரு. முன்பிருந்த வீடமைப்பு அமைப்பு 1930-களில் கட்டத் தொடங்கிய குடியிருப்பு. வளைந்த மூலைகள், தட்டையான கூரை, பின்சந்தில் சுழற்படிக்கட்டு. 2003-இல் 20 புளோக்குகளைப் பாதுகாக்கப்பட்டவையாக அறிவித்தார்கள். யோங் சியாக், எங் ஹூன், குவான் சுவான் என்று தெருக்களுக்கெல்லாம் பழைய சீன வணிகர்களின் பெயர். இங்கே சுவர் வெள்ளை, அது வசதியும் தொல்லையும். வானத்தின் நீலத்தை வெள்ளைச் சுவர் போல ஏந்துவது வேறில்லை. பக்கத்தில் உள்ள எல்இடி விளக்கின் பச்சைச் சாயலையும் அதே விசுவாசத்தோடு ஏந்தும். தெருவிளக்குக்கு நேர் கீழே உள்ள சுவரை விட்டுவிட்டு, இரண்டு விளக்குகளுக்கு நடுவே உள்ள வளைந்த மூலையைப் பிடியுங்கள். யோங் சியாக் ஸ்திரீட்டில் காப்பிக்கடைக் கூட்டம் இருக்கும். இரண்டு தெரு உள்ளே போனால் தட்டு கழுவும் சத்தம்தான் கேட்கும்.

எமரால்ட் ஹில் ஆர்ச்சர்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் பலரும் நம்ப மாட்டார்கள். ஆர்ச்சர்ட் சாலை முனையில் மதுக்கூடங்களின் இரைச்சல், மேட்டில் ஏறிப் போகப்போக அது அடங்கி வீடுகள் மட்டும். சாமர்செட் நிலையத்தில் இறங்கினால் சில நிமிட நடை. ஆனால் ஒரு எச்சரிக்கை: அந்தி நேரத்தில் ஆர்ச்சர்ட் மரங்களில் மைனாக்கள் அடைய வரும். ஆயிரம் கதவுக் கீல் ஒன்றாகக் கிறீச்சிடுகிற சத்தம். படத்தில் கேட்காது, காணொளி எடுத்தால் கேட்கும்.

எவர்ட்டன் ரோடு, பிளேர் ரோடு பக்கமும் நல்லது. அவுட்ரம் பார்க்கிலிருந்து நடக்கலாம். யிப் இயூ சோங் வரைந்த சுவரோவியங்கள் எவர்ட்டன் ரோட்டில் உண்டு, பகலில் அவற்றுக்கு முன்னால் கூட்டம் நிற்கும், மாலையில் கரைந்துவிடும். கூன் செங் ரோட்டை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். வீடுகளின் அழகில் குறை இல்லை. வாசற்படியில் உட்கார்ந்து படமெடுக்கிறவர்களால் அங்கே குடியிருப்பவர்கள் சலித்துப்போயிருக்கிறார்கள்.

தெருப்பெயர் ஒன்றுமே நினைவில் இல்லாவிட்டாலும் ஒரு வழி இருக்கிறது. விடுதிக்குப் பக்கத்தில் உள்ள பழைய வீவக (அரசு அடுக்குமாடிக் குடியிருப்பு) பேட்டைக்குப் போங்கள். பெரும்பாலான புளோக்குகளில் நடைவழி விளக்குகள் தானாக எரியும் வகை. 7 மணியை ஒட்டி, பன்னிரண்டு மாடியும் ஒரே நேரத்தில் பளிச்சென்று எரியும். விளக்கு எரிந்த பிறகு எடுக்கிற படத்தில் எல்லா மாடியும் ஒரே கோடுகளாக வந்து, கீழே கோப்பிக்கடையில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவரும் சேர்ந்தால், சிங்கப்பூரில் வாழ்கிறவர்கள் தங்கள் ஊர் என்று ஒப்புக்கொள்ளும் படம் அதுவாகத்தான் இருக்கும். சாலையிலிருந்தோ எதிர்ப் புளோக்கின் கீழ்த்தளத்திலிருந்தோ எடுங்கள். மாடி ஏறி வீட்டு வாசல்களுக்கு முன்னால் கேமராவோடு நடக்கக் கூடாது.

இனி கேமரா. சிங்கப்பூரில் அந்திப் படங்கள் கெடுவதற்கு முதல் காரணம் அமைப்பு அல்ல, ஏர்கான். விடுதி அறையை 20, 22 டிகிரியில் வைத்திருப்பீர்கள். வெளிக்காற்றில் உள்ள ஈரம் நீராகப் படியும் வெப்பநிலை இங்கே பெரும்பாலும் 24 டிகிரியை ஒட்டியிருக்கும். அதற்குக் கீழே குளிர்ந்த கண்ணாடியை வெளியே கொண்டுவந்தால் நொடியில் வியர்த்துவிடும். துடைத்தால் மறுபடி படியும், துடைக்கத் துடைக்கக் கறைதான் மிஞ்சும். ஜூம் லென்ஸாக இருந்தால் இன்னும் மோசம்: நீட்டிச் சுருக்கும்போது ஈரக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும், உள் கண்ணாடியில் படிந்தால் அன்றைய மாலை முடிந்தது. செய்ய வேண்டியது எளிது. அறையில் இருக்கும்போதே கேமராவை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றைப் பிதுக்கி, இறுக்க மூடுங்கள். பையோடு வெளியே எடுத்து வந்து 30 நிமிடம் திறக்காமல் வைத்திருங்கள். ஈரம் பையின் வெளிப்பக்கத்தில் படியும், லென்ஸில் படியாது. அந்த அரை மணி எம்ஆர்டியில் போக ஆகும் நேரம்தான் என்று கணக்குப் போடாதீர்கள், ரயிலும் குளிர்தான். தெருவில் இறங்கியதிலிருந்து எண்ணுங்கள். கைப்பேசியில் எடுத்தாலும் இதேதான், லென்ஸ் சின்னது என்பதால் சீக்கிரம் சூடாகும், அவ்வளவே.

அமைப்பு என்று கேட்டதற்கு இதோ தொடக்கப் புள்ளிகள். அபர்ச்சர் எஃப் 8, ஐஎஸ்ஓ 100, முக்காலியில். முழுச்சட்ட சென்சார் என்றால் கைமுறையாக 3.5 மீட்டரில் ஃபோகஸ் வைத்து விட்டுவிடுங்கள். 2 மீட்டரிலிருந்து தெருக்கோடி வரை தெளிவாக இருக்கும். சூரியன் மறைந்தவுடன் ஷட்டர் 1/15 வினாடி வாக்கில் வரும். பத்து நிமிடத்தில் 1/4. பதினைந்தில் ஒரு வினாடியைத் தொடும். இருபதில் இரண்டு, மூன்று வினாடி. அதற்குமேல் தெருவிளக்கு மட்டும்தான், 4 முதல் 6 வினாடியில் நின்றுவிடும். ஒரு நிமிடத்துக்கு ஒன்று என்று எடுத்துக்கொண்டே போங்கள். எது சமமான நிமிடம் என்று அந்த இடத்தில் நின்றுகொண்டு முடிவு செய்ய முடியாது, திரை எப்போதும் உண்மையைவிட வெளிச்சமாகக் காட்டும். இரண்டு வினாடி டைமர் போடுங்கள், விரலால் அழுத்தும்போது குட்டி முக்காலி ஆடும். பல கேமராக்களில் நடுக்கத் தடுப்பை முக்காலியில் வைக்கும்போது அணைப்பது நல்லது.

வெள்ளைச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) தானியங்கியில் விடக் கூடாது. கேமரா நீலத்தைக் குறையென்று நினைத்துத் திருத்தி, நீங்கள் காத்திருந்த நிறத்தையே கழுவிவிடும். 3800 முதல் 4000 கெல்வின் வரை ஏதாவது ஒன்றில் நிறுத்தி வையுங்கள். தெருவிளக்குகள் இப்போது பெரும்பாலும் எல்இடி. பழைய படங்களில் பார்க்கிற ஆரஞ்சு நிறச் சாலை இனி கிடைக்காது. மஞ்சள் வேண்டுமென்றால் வீட்டுக்குள்ளிருந்தும் கடைக்குள்ளிருந்தும்தான் வரும். ரா வடிவத்தில் எடுத்தால் பிறகு சரிசெய்யலாம்.

முக்காலி இல்லாமல் கையில் பிடித்து எடுப்பதானால் எஃப் 2, ஐஎஸ்ஓ 1600, 1/50 வினாடி. ஏன் 1/60 இல்லை என்றால், இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பல விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். 1/50, 1/100 போன்ற வேகங்கள் அந்தத் துடிப்போடு ஒத்துப்போகும். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் 1/250 வைத்தால் படத்தின் குறுக்கே வரிவரியாக இருட்டுப் பட்டை விழும். கேமரா கெட்டுவிட்டதென்று நினைப்பார்கள், கெடவில்லை.

ஒரே தெருவில் இரண்டு வாய்ப்பு வாங்கும் வித்தை ஒன்று உண்டு. கிழக்கு வானம் முதலில் நீலமாகும், மேற்கு வானம் இன்னும் பத்து நிமிடம் வெளுப்பாகவே இருக்கும். ஆகவே முதலில் கிழக்கைப் பார்த்து எடுங்கள், மறைந்து 8-இல் இருந்து 15 நிமிடம் வரை. பிறகு அப்படியே திரும்பி மேற்கைப் பாருங்கள், 15-இல் இருந்து 22 வரை. இங்கே ஆண்டு முழுக்கச் சூரியன் நேர் மேற்கிலிருந்து இரு பக்கமும் 24 டிகிரிக்குள்தான் மறையும் என்பதால் கைப்பேசித் திசைகாட்டியே போதும், மாதக் கணக்கு வேண்டாம். மேகமூட்டமான மாலையிலும் இது நடக்கும், நீலம் கொஞ்சம் முன்னதாக வரும். ஆனால் நேரம் கடந்தால் மேகத்தில் நகர வெளிச்சம் பட்டு ஊதாவும் பழுப்புமாக ஒரு நிறம் வரும். அது வந்ததும் முக்காலியை மடக்கிவிடலாம்.

ஆளைப் பற்றி. ஆளே இல்லாத தெரு படத்தில் அமைதியாகத் தெரியாது, காலி செய்துவிட்டுப் போன ஊர் மாதிரி இருக்கும். ஒருவர் வேண்டும். ஒரு வினாடி ஷட்டரில் நடந்துபோகிறவர் புகையாகிவிடுவார்; நிற்கிறவர்தான் நிற்பார். பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றும் ஆன்ட்டி, ஸ்டூலில் உட்கார்ந்து கைப்பேசி பார்க்கும் அங்கிள், கடைவாசலில் சாய்ந்து நிற்கும் ஊழியர், இவர்கள் ஒரு வினாடி அசையாமல் இருப்பார்கள். இரண்டு வினாடி யாரும் இருக்க மாட்டார்கள். அதனால் 15-ஆவது நிமிடத்துக்குப் பிறகு ஆளோடு எடுப்பதானால் ஐஎஸ்ஓவை 400-க்கு ஏற்றி ஷட்டரை அரை வினாடிக்குக் கொண்டுவாருங்கள்.

பொது இடத்தில் படமெடுப்பதற்குத் தடையில்லை, ஆனால் முகம் தெரிகிற தூரத்தில் எடுத்தால் கேட்டுவிடுங்கள். சிராங்கூன் சாலைப் பக்கம் உங்களுக்கு இதில் மற்ற பயணிகளுக்கு இல்லாத வசதி உண்டு. “அண்ணே, இங்கேயே நில்லுங்க, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?” என்றால் போதும்; எந்த ஊர் என்று உங்களையே திருப்பிக் கேட்பார்கள். வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிட வேண்டும். டெஸ்கர் ரோட்டுப் பின்சந்துகளுக்குள் கேமராவைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், அங்கே யாரும் தங்கள் முகம் பதிவாவதை விரும்புவதில்லை. படமெடுக்கத் தடை என்று சிவப்புப் பலகை மாட்டியிருக்கும் பாதுகாக்கப்பட்ட இடங்களை நோக்கியும் கேமராவைத் திருப்ப வேண்டாம், அதற்குத் தனிச் சட்டமே இருக்கிறது. ஐந்தடிப் பாதையில் முக்காலியை விரித்து வழியை அடைக்கக் கூடாது. தூணோடு ஒட்டி வைத்தால் சக்கர நாற்காலியும் போகும். நடுச்சாலையில் நின்று எடுப்பது சினிமாவில் நன்றாக இருக்கும். இங்கே பாதசாரிக் கடப்பிலிருந்து 50 மீட்டருக்குள் கண்ட இடத்தில் சாலையைக் கடப்பதே குற்றம்.

வண்டிகள் நம் ஊரைப் போலவே இடப்பக்கம் போகும். இடப்பக்க நடைபாதையில் நின்று தெருவின் நீளத்துக்குப் பார்த்தால், உங்களைத் தாண்டிப் போகிற வண்டிகளின் சிவப்பு விளக்குதான் பக்கத்தில் வரும். மூன்று வினாடியில் ஒரு மெல்லிய சிவப்புக் கோடு, தெருவின் அமைதியைக் கெடுக்காது. வலப்பக்கம் நின்றால் எதிரே வரும் வெள்ளை விளக்கு லென்ஸுக்குள் வெடிக்கும். அப்படி ஒரு வண்டி வந்தால் ஷட்டர் திறந்திருக்கும்போதே ஒரு கறுப்பு அட்டையை லென்ஸுக்கு முன் பிடித்து, போனதும் எடுத்துவிடலாம்.

சின்ன விஷயம் ஒன்று, ஆனால் கேமராவுக்குப் பெரிது. டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு கடிப்பது பொழுது சாயும் நேரத்தில் அதிகம், ஆகவே பூச்சிவிரட்டி பூசிக்கொள்ளத்தான் வேண்டும். டீட் கலந்த விரட்டி பிளாஸ்டிக்கையும் ரப்பர் பிடியையும் இளக்கிவிடும். காலுக்கும் கழுத்துக்கும் பூசிவிட்டு, உள்ளங்கையைக் கழுவிவிட்டுக் கேமராவைத் தொடுங்கள். பேருந்திலும் ரயிலிலும் ஏறும்போது எந்த அட்டையைத் தட்டினீர்களோ அதையே இறங்கும்போதும் தட்டுங்கள். ஒரே வங்கி அட்டையாக இருந்தாலும் கைப்பேசியில் இருப்பதும் பர்சில் இருப்பதும் வெவ்வேறு பயணமாகத்தான் பதிவாகும்.

மழையைப் பற்றிச் சொல்லாமல் சிங்கப்பூர் மாலையைப் பற்றிச் சொல்ல முடியாது. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடியோடு கொட்டி, பல நாள் மாலைக்குள் ஓய்ந்துவிடும். ஓய்ந்த அந்த மாலைதான் ஆண்டின் மிகச் சிறந்த மாலை: சாலை கண்ணாடியாகி, வானத்தில் இருக்கும் நீலம் தரையிலும் இருக்கும், வெயில் தாழ்ந்து வெளியே வருகிறவர்களும் மழைக்குப் பயந்து உள்ளேயே இருப்பார்கள். டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவக்காற்றில் சில சமயம் நாள்கணக்கில் விடாமல் தூறும். ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை சில ஆண்டுகளில் புகைமூட்டம் வரும், அப்போது நீலமே ஏறாது, சாம்பல்தான். கிளம்பும்முன் வானிலை ஆய்வகத்தின் மழை ரேடார் படத்தை ஒருமுறை பாருங்கள். நாள் முழுவதற்குமான முன்னறிவிப்பு இங்கே பெரும்பாலும் ‘பிற்பகலில் இடியுடன் மழை’ என்றுதான் இருக்கும், அதை வைத்து ஒன்றும் முடிவெடுக்க முடியாது.

சரியாக 7 மணிக்குக் கொட்டத் தொடங்கினால் விடுதிக்குத் திரும்பாதீர்கள். ஐந்தடிப் பாதை அதற்காகத்தான் இருக்கிறது. சாலையிலிருந்து இரண்டடி உள்ளே தள்ளி நில்லுங்கள், சாரல் அதுவரை வரும். எதிர்ப்பக்கத் தெருவிளக்கு ஒன்று தூணுக்குப் பின்னால் பாதி மறைகிற மாதிரி வையுங்கள். விளக்கு பின்னாலிருந்தால்தான் மழைக் கோடு தெரியும், முன்னாலிருந்தால் தெரியாது. ஐஎஸ்ஓ 3200, எஃப் 2.8, 1/100 வினாடி. ஃப்ளாஷை அணைத்து வையுங்கள், இல்லையென்றால் பக்கத்துத் துளிகள் மட்டும் வெள்ளை உருண்டைகளாக வரும். ஃபோகஸை எதிர்ச் சுவரில் வைத்துக் கைமுறைக்கு மாற்றிவிடுங்கள், தானியங்கியில் விட்டால் துளியைத் தேடி ஓடிக்கொண்டே இருக்கும். குடையோடு ஒருவர் குறுக்கே வரும்வரை காத்திருங்கள்; அலுவலகம் விடும் நேரம், வருவார்கள்.